சிகிச்சை முடிந்து நான்கு மாதம் ஆகியும் அம்மா ஏன் பழையபடி இல்லை?

நீங்கள் கேட்டிருப்பது இது: அம்மாவுக்கு வயது 56. மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து நான்கு மாதம் ஆகிறது. இப்போது ஹார்மோன் மாத்திரை (நோயைத் தூண்டும் ஹார்மோனை அடக்கும் மருந்து) மட்டும் ஓடுகிறது. ரிப்போர்ட் எல்லாம் நன்றாக இருக்கிறது, டாக்டரும் பயப்பட ஒன்றுமில்லை என்கிறார். ஆனால் அம்மா பாதி நாள் படுத்தே இருக்கிறார், முதுகு வலித்தால்கூட மறுபடி வந்துவிட்டதோ என்று அழுகிறார், யாரிடமும் பேசப் பிடிப்பதில்லை. "கீமோ சமயத்தில்கூட இவ்வளவு சோர்ந்து பார்த்ததில்லை, நாங்கள் என்ன செய்ய வேண்டும்?" என்று எழுதியிருக்கிறீர்கள்.

நான் புற்றுநோய்ச் சிகிச்சை முடித்தவர்களுக்கான மறுவாழ்வுப் பிரிவில் பிசியோதெரபிஸ்டாக வேலை செய்கிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: அம்மா சோம்பேறித்தனம் பண்ணவில்லை, நடிக்கவில்லை, மனசு பலவீனமானவரும் இல்லை. சிகிச்சை முடிந்த பிறகு உடைந்துபோவது மிகச் சாதாரணம். நான்கு மாதம் என்பது ரொம்பக் குறைவு. பலருக்கு ஓரளவு தெளிய ஒரு வருஷம் பிடிக்கும், சிலருக்கு அதற்கும் மேல். அதே சமயம், அம்மாவுக்கு இருக்கும் கஷ்டங்களில் பெரும்பகுதிக்கு வழி இருக்கிறது. "இப்படித்தான் இருக்கும், போகப்போகச் சரியாகும்" என்று விட்டுவிட வேண்டியதில்லை.

சிகிச்சை நடக்கும்போது ஒரு அட்டவணை இருந்தது. இந்தத் தேதிக்கு ரத்தப் பரிசோதனை, அடுத்த நாள் கீமோ, நர்ஸ் போனில் விசாரிப்பார், சொந்தக்காரர்கள் வந்து போவார்கள். யோசிக்க நேரமே இருந்திருக்காது. கடைசி ரேடியேஷன் முடிந்ததும் "மூணு மாசம் கழிச்சு வாங்க" என்று அனுப்பிவிடுகிறார்கள். வந்து போனவர்கள் எல்லோரும் "அப்பாடா, முடிஞ்சுது" என்று அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். அதுவரை தள்ளி வைத்திருந்த பயமும் துக்கமும் அப்போதுதான் மேலே வருகின்றன. ஃபிட்ஸ்ஹியூ முல்லன் என்ற அமெரிக்க டாக்டர், தானே புற்றுநோய் வந்து பிழைத்தவர், 1985-லேயே இதைப் பற்றி எழுதினார். நோய் கண்டுபிடித்துச் சிகிச்சை நடக்கும் காலம் ஒன்று, சிகிச்சை முடிந்து பயத்தோடும் பலவீனத்தோடும் நகரும் காலம் இன்னொன்று, நோய் திரும்பும் ஆபத்து வெகுவாகக் குறைந்து நிலைபெறும் காலம் மூன்றாவது என்று பிரித்தார். அம்மா இப்போது இரண்டாவதில் இருக்கிறார். ஆஸ்பத்திரியின் துணை மிகவும் குறைந்துபோவதும் இந்தக் காலத்தில்தான். என்னைக் கேட்டால், குடும்பம் கூடுதலாகக் கூட நிற்க வேண்டிய நேரம் இதுவே.

சோர்விலிருந்து ஆரம்பிக்கிறேன், அதுதான் அம்மாவை அதிகம் முடக்குகிறது. இது நீங்களும் நானும் வேலை முடிந்து வந்து உணர்கிற அசதி இல்லை. ராத்திரி முழுக்கத் தூங்கி எழுந்தாலும் போகாது. தலைக்குக் குளிக்கக் கையைத் தூக்கினாலே நடுவில் உட்கார வேண்டியிருக்கும். குளித்துவிட்டு வந்ததும் துணி மாற்றத் தெம்பில்லாமல் துண்டோடு கட்டிலில் அரை மணி நேரம் படுத்துவிட்டேன் என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு. வெளியே பார்க்க நன்றாக இருப்பதால் வீட்டில் யாரும் நம்புவதில்லை. அந்த நம்பாமைதான் சோர்வைவிட அதிகம் வலிக்கிறது என்பார்கள்.

இதற்கு முதல் வேலை, சரிசெய்யக்கூடிய காரணம் ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பது. ரத்தசோகை, தைராய்டு குறைவு, தீராத வலி, தூக்கக் குறைவு, மனச்சோர்வு, இதயத்தின் பம்ப் செய்யும் திறன் குறைவது, ஏற்கெனவே சாப்பிடும் வேறு மாத்திரைகள் என எல்லாமே சோர்வாகத்தான் வெளிப்படும். அடுத்த செக்-அப் வரை காத்திருக்காமல், "சோர்வு அதிகமாக இருக்கிறது, காரணம் பார்க்க வேண்டும்" என்று அதற்காகவே ஒரு முறை டாக்டரைப் பார்த்துவிடுங்கள். ஹார்மோன் மாத்திரையால் திடீர் திடீரென உடம்பு கொதித்து வியர்க்கிறதா, அதனால் ராத்திரியில் தூக்கம் கலைகிறதா, காலையில் மூட்டுகள் இறுகிப்போய் இருக்கின்றனவா என்றும் அம்மாவிடம் கேளுங்கள். "மாத்திரை சாப்பிட்டா இதெல்லாம் வரும்னு சொன்னாங்க" என்று அவர் பொறுத்துக்கொண்டிருக்கலாம். இவற்றைக் குறைக்க மருந்து உண்டு, ஹார்மோன் மாத்திரையையே மாற்றிக் கொடுக்கவும் முடியும். டாக்டரிடம் சொல்லாமல் அம்மாவாக அந்த மாத்திரையை நிறுத்திவிட மட்டும் விடாதீர்கள். நோய் திரும்பாமல் பார்த்துக்கொள்வதில் அதற்குப் பெரிய பங்கு இருக்கிறது.

அடுத்தது உடற்பயிற்சி. எழுந்து நிற்கவே முடியாதவரிடம் நடக்கச் சொல்வது கொடுமையாகத் தெரியும். ஆனால் புற்றுநோய்க்குப் பின் வரும் சோர்வுக்கு மிகத் திடமான சான்று இருக்கும் வைத்தியம் இதுதான், ஓய்வு இல்லை. நாள் முழுக்கப் படுத்திருந்தால் தசை கரையும், தசை கரைந்தால் அடுத்த நாள் எழுவது இன்னும் கஷ்டமாகும். 2019-ல் பல நாட்டு நிபுணர்கள் கூடி ஆராய்ச்சிகளை எல்லாம் அலசி ஒரு பரிந்துரை வெளியிட்டார்கள்: வாரம் மூன்று நாள், நாளுக்கு 30 நிமிடம், லேசாக மூச்சு வாங்கும் அளவுக்கு நடை போன்ற பயிற்சி, கூடவே வாரம் இரண்டு நாள் தசைக்கு வலு தரும் பயிற்சி. எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் விடாமல் செய்தால் சோர்வு, மனக்கலக்கம், மனச்சோர்வு மூன்றும் குறைகின்றன என்பதற்குச் சான்று இருக்கிறது.

அம்மா நாளைக்கே அரை மணி நேரம் நடக்க வேண்டும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. வீட்டுக்குள்ளேயே ஐந்து நிமிடத்தில் ஆரம்பியுங்கள், காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. ஒரு வாரம் அதே அளவு. மறுநாள் படுத்துவிடாமல் இருந்தால் இரண்டு நிமிடம் கூட்டுங்கள். கூட்டிய பிறகு மறுநாள் துவண்டுபோனால் பழைய அளவுக்கு இறங்கிவிடுங்கள், நிறுத்தாதீர்கள். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகம் போதும். நாற்காலியில் உட்கார்ந்து எழுவதை ஐந்து ஐந்து முறையாகச் செய்வது தொடைக்கு நல்ல பயிற்சி. "போய் நடந்துட்டு வாங்க" என்று அனுப்புவதைவிட, நீங்கள் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றால் அவர் வருவார். நல்ல தெம்பாக இருக்கும் நாளில் எல்லா வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்துவிட்டு அடுத்த மூன்று நாள் படுப்பவர்கள்தான் எங்களிடம் அதிகம் வருகிறார்கள். நாளின் எந்த நேரத்தில் அம்மாவுக்குத் தெம்பு இருக்கிறது என்று ஒரு வாரம் குறித்துவைத்துப் பாருங்கள். அவருக்குப் பிடித்த வேலை ஒன்றை அந்த நேரத்துக்கு வைத்துவிட்டு, மற்றதை நீங்கள் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். பகல் தூக்கம் அரை மணிக்கு மேல் வேண்டாம், ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கும்.

உடற்பயிற்சி தெம்புக்கு மட்டும்தானா என்று கேட்பவர்களுக்காக ஒரு தகவல். பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷனும் கீமோவும் முடித்த 889 பேரை வைத்து, மூன்று வருஷத்துக்கு ஆள் வைத்து வழிநடத்திய உடற்பயிற்சித் திட்டம் ஒன்றைப் பரிசோதித்து 2025-ல் முடிவு வெளியிட்டார்கள். ஐந்து வருஷம் கழித்து நோய் இல்லாமல் இருந்தவர்கள் பயிற்சிக் குழுவில் சுமார் 80 சதவீதம், ஆலோசனைப் புத்தகம் மட்டும் பெற்ற குழுவில் சுமார் 74 சதவீதம். இது குடல் புற்றுநோய்க்கான முடிவு, அப்படியே அம்மாவுக்குப் பொருத்திவிட முடியாது. ஆனால் சிகிச்சை முடித்தவர்கள் பூப்போல உட்கார்ந்திருக்க வேண்டும் என்ற பழைய எண்ணத்தை இது நன்றாகவே அசைத்துவிட்டது.

அம்மாவின் கையைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, நான் கேட்கிறேன். அக்குளில் நிணநீர் முடிச்சுகளை எடுத்திருந்தாலோ அங்கே ரேடியேஷன் கொடுத்திருந்தாலோ, அந்தப் பக்கத்துக் கையில் நிணநீர் தேங்கி வீக்கம் வரலாம். மாதங்கள் கழித்தும் வரும், வருஷங்கள் கழித்தும் வரும். கண்ணுக்கு வீக்கம் தெரிவதற்கு முன்னாலேயே கை கனப்பது போல இருக்கும், மோதிரம் இறுகும், வாட்ச் பட்டையின் தடம் அழுந்தித் தெரியும். அந்தக் கட்டத்திலேயே நிணநீர் வீக்கத்துக்குப் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்டிடம் போனால், கையில் இறுக்கமாக அணியும் அழுத்த உறையும் பயிற்சியும் வைத்துக் கட்டுக்குள் கொண்டுவந்துவிடலாம். விட்டுவிட்டால் தோல் தடித்துப்போய் வேலை கடினமாகும். அந்தக் கை சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் அது கிருமித் தொற்று, அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

"அந்தக் கையால கனமான எதையும் தூக்கக் கூடாது" என்று யாரோ சொல்லி, பல பெண்கள் கையை ஒடுக்கிக்கொண்டே வாழ்கிறார்கள். தோள் இறுகிப்போய்ப் பின்னால் கொக்கி மாட்டக்கூட முடியாமல் ஆகிவிடுகிறது. 2009-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஏற்கெனவே கை வீக்கம் இருந்த 141 பெண்களில் ஒரு பாதியினரை மெதுவாக எடை கூட்டித் தூக்கப் பழக்கினார்கள். வீக்கம் கூடவில்லை. வீக்கம் திடீரென முற்றுவது அவர்களிடம் குறைவாகவே இருந்தது, கைக்கு வலுவும் வந்தது. அந்தப் பெண்கள் அழுத்த உறை போட்டு, கண்காணிப்பில், மிகச் சிறிய எடையிலிருந்து ஆரம்பித்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. அம்மாவும் முதல் சில வாரம் ஒருவரிடம் கற்றுக்கொண்டுவிட்டு வீட்டில் தொடரலாம்.

உடம்பில் கவனிக்க வேண்டிய மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சில கீமோ மருந்துகளால் விரல் நுனியும் பாதமும் மரத்துப்போகும். சூடு தெரியாது, கல் குத்தினாலும் தெரியாது. வீட்டுக்குள்ளும் செருப்பு, குளிக்கும் முன் முழங்கையால் தண்ணீரின் சூடு பார்ப்பது, ராத்திரி படுக்கும் முன் பாதத்தைத் திருப்பிப் பார்ப்பது, இந்த மூன்றையும் பழக்கிவிடுங்கள். இதயத்தைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோரூபிசின், டிராஸ்டுசுமாப் போன்ற மருந்துகள் கொடுத்திருந்தால் இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எப்போது எடுக்க வேண்டும் என்று கேளுங்கள். படுத்தால் மூச்சு முட்டுவது, கால் வீங்குவது, படி ஏறினால் முன்னைவிட மூச்சு வாங்குவது இவற்றை "கீமோ சோர்வு" என்று ஒதுக்காதீர்கள். ஹார்மோன் மாத்திரையில் சில வகை எலும்பைத் தேய்க்கும், அதற்கு எலும்பு அடர்த்தி ஸ்கேன் உண்டு. பெயர் மறப்பது, அடுப்பில் வைத்ததை மறப்பது, படித்த வரியையே திரும்பப் படிப்பது போன்ற மந்தமும் பலருக்கு வரும். பெரும்பாலும் மெல்ல மெல்லத் தெளியும். அதுவரை ஒரு நோட்டும் பேனாவும் கையருகே இருக்கட்டும், "இதுகூட மறந்துபோச்சா?" என்ற கேள்வி வேண்டாம்.

இனி பயம். மறுபடி வந்துவிடுமோ என்ற பயம் இல்லாத ஒருவரை நான் பார்த்ததே இல்லை. புற்றுநோய் தன் உடம்புக்குள்ளேயே சத்தமில்லாமல் வளர்ந்தது என்று தெரிந்த ஒருவர், அதன் பிறகு முதுகுவலியை எப்படி வெறும் முதுகுவலியாக நினைப்பார்? செக்-அப் நெருங்கும் வாரத்தில் இது உச்சத்துக்குப் போகும். தூக்கம் வராது, சின்ன விஷயத்துக்குக் கோபம் வரும், "இந்தத் தடவை போக வேண்டாம்" என்றுகூடச் சொல்வார்கள். வீட்டில் நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் சில வார்த்தைகள் இந்த நேரத்தில் கதவைச் சாத்திவிடும். "எல்லாம் சரியாயிடுச்சே, இன்னும் என்ன?", "பாசிட்டிவா இரும்மா", "உன்னைவிட மோசமா இருந்தவங்க எல்லாம் வேலைக்குப் போறாங்க." இதைக் கேட்டவர் அதற்குப் பிறகு பயத்தை வெளியே சொல்ல மாட்டார், அவ்வளவுதான் நடக்கும். அதற்குப் பதிலாக, "பயமா இருக்காம்மா? என்ன நினைக்கிறீங்க, சொல்லுங்க" என்று கேட்டுவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். பதில் சொல்ல வேண்டியதில்லை, ஆறுதல் வார்த்தை தேட வேண்டியதில்லை. அவர் பேசி முடிக்கும்வரை கேட்டாலே போதும். இதைப் பல குடும்பங்களில் பார்த்திருக்கிறேன்.

"கவலைப்பட்டா திரும்ப வந்துடும்" என்று யாராவது சொல்லியிருந்தால், அதை அம்மாவின் மனத்திலிருந்து எடுத்துவிடுங்கள். மனம் தளர்ந்தால் நோய் திரும்பும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. அழுதால் வந்துவிடும் என்று பயந்து அழுகையையும் அடக்கிக்கொண்டு வாழ்வது எவ்வளவு பெரிய பாரம்!

பயத்துக்கு ஓர் எல்லை கட்ட உதவும் வழி: எந்தெந்த அறிகுறி வந்தால் உடனே கூப்பிட வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். அதே மார்பிலோ மறு மார்பிலோ அக்குளிலோ புதுக் கட்டி, ஒரே இடத்தில் விடாமல் இருந்து கூடிக்கொண்டே போகும் எலும்பு வலி, விடாத இருமல், காரணமில்லாமல் எடை குறைவது போன்றவை அதில் இருக்கும். மற்ற புது வலிகளுக்கு இரண்டு வாரம் என்று வைத்துக்கொள்ளலாம்: தேதி குறித்து வையுங்கள், குறைந்துகொண்டே வந்தால் விட்டுவிடுங்கள், இரண்டு வாரம் தாண்டியும் இருந்தால் காட்டுங்கள். முதுகு வலிக்கிற ஒவ்வொரு முறையும் "ஒரு ஃபுல் ஸ்கேன் எடுத்துடலாமே" என்று கேட்கத் தோன்றும். அறிகுறி எதுவும் இல்லாத மார்பகப் புற்றுநோயாளிக்குத் தவறாமல் உடம்பு முழுக்கப் பார்க்கும் பெட் ஸ்கேன் எடுப்பதால் ஆயுள் கூடுவதில்லை, அதனால் சர்வதேச வழிகாட்டுதல்கள் அதைப் பரிந்துரைப்பதில்லை. வருஷத்துக்கு ஒருமுறை மாமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே, டாக்டர் கையால் பரிசோதிப்பது, அம்மா சொல்வதைக் கேட்பது, இவைதான் அடிப்படை.

இரண்டு வாரத்துக்கு மேலாகப் பெரும்பாலான நேரம் மனம் இருண்டே இருந்தால், முன்பு பிடித்தது எதுவும் பிடிக்காமல் போனால், தூக்கமும் பசியும் குலைந்தால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை என்று நீங்கள் எழுதியதால் அம்மாவை ஒரு மனநல மருத்துவரிடமோ, புற்றுநோயாளிகளோடு வேலை செய்யும் உளவியல் ஆலோசகரிடமோ காட்டச் சொல்கிறேன். பேச்சுச் சிகிச்சையால் இந்தப் பயமும் மனச்சோர்வும் நன்றாகக் குறையும். மாத்திரை தேவைப்பட்டால், அம்மா சாப்பிடும் ஹார்மோன் மாத்திரையின் பெயரைக் கட்டாயம் சொல்லுங்கள். அது டமாக்ஸிஃபென் என்றால், பராக்ஸெடின், ஃப்ளுவாக்ஸெடின் போன்ற சில மனச்சோர்வு மாத்திரைகள் உடம்பு அதைப் பயன்படுத்திக்கொள்வதைத் தடுக்கக்கூடும். மாற்று மருந்துகள் இருக்கின்றன. "நான் இருந்து என்ன பயன்", "அப்பவே போயிருக்கலாம்" போன்ற பேச்சு வந்தால் அதைச் சலிப்பு என்று விடாதீர்கள். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. இருக்கிறது என்றால் தனியே விடாமல் அன்றே டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

பிள்ளைகளிடம் அம்மா சொல்லாத ஒரு விஷயம் இருக்கும். ஆபரேஷனால் மாறிப்போன உடம்பைக் கண்ணாடியில் பார்ப்பது, அப்பாவோடு உள்ள நெருக்கம், பிறப்புறுப்பு வறண்டு வலிப்பது. இதைப் பெண் டாக்டரிடமோ நர்ஸிடமோ தனியாகப் பேச அவருக்கு வாய்ப்புக் கொடுங்கள், நீங்கள் வெளியே இருங்கள். வறட்சிக்கு ஹார்மோன் கலக்காத ஈரப்பதக் களிம்புகள் உண்டு. ஹார்மோன் கலந்த கிரீமை மட்டும் புற்றுநோய் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. அப்பாவிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: வலிக்குமோ என்று அவர் தள்ளித் தள்ளிப் போவதை, தன்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்று அம்மா எடுத்துக்கொண்டிருக்கக்கூடும்.

வேறு வகைப் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களின் வீட்டாரும் இதைப் படிக்கலாம் என்பதால் சில வரிகள். வாய், தொண்டையில் ரேடியேஷன் வாங்கியவர்கள் வாய் திறக்கும் பயிற்சியை விடக் கூடாது, விட்டால் தாடை இறுகிவிடும். ரேடியேஷன் பட்ட தாடையில் பல் பிடுங்குவதற்கு முன் பல் டாக்டரிடம் அதைச் சொல்லியே ஆக வேண்டும், எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு. கழுத்தில் ரேடியேஷன் என்றால் ஆறு மாதத்துக்கோ வருஷத்துக்கோ ஒருமுறை தைராய்டு பார்க்க வேண்டும். ஸ்டெம் செல் மாற்று (எலும்பு மஜ்ஜை மாற்று போன்ற சிகிச்சை) செய்தவர்களுக்குச் சிறுவயதில் போட்ட தடுப்பூசிகளின் பலன் போய்விடக்கூடும், திரும்பப் போட வேண்டியிருக்கும்.

சாப்பாட்டில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. காய்கறி, பழம், முழுதானியம், தசை திரும்பப் போதிய புரதம், மது புகையிலை அறவே இல்லாமல் இருப்பது, எடை கூடாமல் பார்த்துக்கொள்வது. நோயைத் திரும்ப வரவிடாது என்று விற்கும் பொடி, மாத்திரை எதையும் டாக்டரிடம் காட்டாமல் கொடுக்காதீர்கள், சில வகைகள் ஹார்மோன் மாத்திரையோடு மோதும்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஒன்று கேட்டு வாங்குங்கள்: சிகிச்சைச் சுருக்கமும் இனிமேலான கண்காணிப்புத் திட்டமும். எந்த வகைக் கட்டி, எந்த நிலை, எந்த மருந்து எத்தனை சுற்று, எந்த இடத்தில் எவ்வளவு ரேடியேஷன், இனி எந்தப் பரிசோதனை எப்போது, எந்தப் பக்கவிளைவைக் கவனிக்க வேண்டும், எதற்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒன்றிரண்டு பக்கத்தில் இருக்க வேண்டும். அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ ஆலோசனை அமைப்பு 2006-லேயே ஒவ்வொரு நோயாளிக்கும் இதைக் கொடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஆனாலும் கேட்காமல் கிடைப்பது அரிது. பத்து வருஷம் கழித்து வேறு டாக்டரிடம் போகும்போது, எந்தக் கீமோ கொடுத்தார்கள் என்று யாருக்கும் நினைவிருக்காது. காகிதம் பேசும்.

அம்மா விரும்பினால், இதே நோயைத் தாண்டி வந்த ஒருவரோடு பேச ஏற்பாடு செய்யுங்கள். பல ஆஸ்பத்திரிகளில் இப்படிக் குழுக்கள் உண்டு, சமூகப் பணியாளரைக் கேட்டால் சொல்வார். உங்களால் எவ்வளவு அன்பாக இருந்தாலும் கொடுக்க முடியாத ஒன்றை அவர்கள் கொடுப்பார்கள்: "எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு" என்ற வார்த்தை. குழு பிடிக்கவில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம், ஒரே ஒருவரோடு போனில் பேசினாலும் போதும்.

கடைசியாக, நீங்கள். கூடவே ஓடிய பிள்ளைகளும் கணவரும் சிகிச்சை முடிந்த பிறகு துவள்வதை நான் அடிக்கடி பார்க்கிறேன், அவர்களை யாரும் விசாரிப்பதில்லை. அம்மாவின் செக்-அப்புக்கு ஒவ்வொரு முறையும் நீங்களேதான் போக வேண்டும் என்றில்லை, இன்னொருவரிடம் ஒரு முறை ஒப்படையுங்கள். உங்கள் தூக்கம் எப்படி இருக்கிறது, கடைசியாக எப்போது ரத்த அழுத்தம் பார்த்தீர்கள், நீங்கள் ஒரு பெண்ணாக இருந்தால் உங்கள் குடும்ப வரலாற்றை வைத்து எந்த வயதில் மார்பகப் பரிசோதனை ஆரம்பிக்க வேண்டும் என்று அம்மாவின் டாக்டரிடமே கேட்டீர்களா? கேட்கவில்லை என்றால் அடுத்த முறை கொண்டுபோகும் கேள்விகளோடு அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.